சேராத உள்ளங்கைகள்

“கும்பிடுங்கம்மா, பாப்போம்.”

மூட்டு மருத்துவர் இப்படிச் சொன்னதும் மதுரைப் பக்கத்து நோயாளிகள் பலர் ஒரு கணம் திகைத்துப்போவார்கள். வைத்தியத்துக்கு வந்த இடத்தில் எதற்குக் கும்பிடு? பிறகு கூச்சத்தோடு கையைக் கூப்புவார்கள். மருத்துவரின் கண் அவர்கள் முகத்தில் இருக்காது. உள்ளங்கைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். முழங்கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தி, உள்ளங்கைகள் ஒட்டும்படி நெஞ்சுக்கு நேரே கும்பிட்டால் மணிக்கட்டு 70 டிகிரி அளவுக்காவது பின்னால் மடங்கியாக வேண்டும். மடங்காத கையில் விரல்நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும். நடுவே கோபுர வாசல் மாதிரி வெளிச்சம் தெரியும். அடுத்து, புறங்கைகளை ஒட்டி விரல்களைக் கீழே தொங்கவிடச் சொல்வார். அது முன்மடக்கத்துக்கான சோதனை. சர்க்கரை நோயால் விரல் மூட்டுகள் இறுகிப்போனவர்களிடமும் இதே கும்பிடைத்தான் கேட்கிறார்கள். ஆங்கில மருத்துவ நூல்களில் அதற்குப் பிரார்த்தனை அடையாளம் என்றே பெயர்.

கும்பிட வராத கையிடம் மருத்துவத்துக்கு ஒரே கேள்விதான்: எத்தனை டிகிரி குறைகிறது? கைக்குச் சொந்தக்காரருக்கோ வேறு கேள்விகள். இது எனக்கு ஏன் வந்தது? கூப்பாத கையோடு சன்னதியில் நின்றால் அது கும்பிட்டதாகுமா? சாமி நினைத்திருந்தால் நிமிர்த்தியிருக்கலாமே?

மதுரைக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. வளைந்த உடல் நிமிர்ந்த கதை ஒன்று இந்த ஊருக்கு உண்டு. கடைசிவரை நிமிராத கையோடு இந்த ஊரில் வாழ்ந்த ஒரு மனிதரும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

நிமிர்ந்த கதை முதலில். 7-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட நெடுமாறனுக்குச் சைவ மரபு வைத்த இன்னொரு பெயர் கூன் பாண்டியன். அரசன் சமணத்தில் இருந்தான். பட்டத்தரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் சைவர்கள். அவர்கள் அழைப்பில் வந்த ஞானசம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட, அந்தத் தீயே சுரமாகி அரசனைப் பற்றியது என்கிறது பெரியபுராணம். அடுத்து நடந்ததை இன்றைய மருத்துவ ஆய்வாளர் யாராவது படித்தால் புன்னகைப்பார். நோயாளியின் இடப்பக்கத்தைச் சமணர்களும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே உடல், இரண்டு வைத்தியம், ஒப்பிட்டுப் பார்க்க நடுவே ஒரு கோடு! திருநீறு பூசிய பக்கம் குளிர்ந்தது. மயிற்பீலி தடவிய பக்கம் கொதித்தது. பிறகு வைகைக் கரையில் ஏடு விட்ட போட்டியின்போது, அரசன் ஓங்குக என்று சம்பந்தர் வாழ்த்தினார். வாழ்த்து முதுகில் பலித்தது, கூன் நிமிர்ந்தது. கதையின் கடைசியில் கழுமரங்கள் நிற்கின்றன. 8000 சமணர் கழுவேறியதாக மரபு சொல்ல, அப்படி ஒன்று நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தோற்ற தரப்பிடமும் அந்தக் கூனுக்கு ஒரு விளக்கம் இருந்தது. சமணக் கருமக் கோட்பாட்டில் ஓர் உயிருக்கு என்ன உடல் வாய்க்க வேண்டும் என்பதை நாம கருமம் என்ற வகை தீர்மானிக்கிறது. உடலமைப்பை அது ஆறாகப் பிரிக்கிறது. எல்லாப் பக்கமும் அளவொத்த உடல் முதலாவது; கூனுடல், குறளுடல், எந்த அளவிலும் சேராத கோணல் உடல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது வகைபிரித்துப் பெயர் சூட்டி, காரணமும் எழுதி வைத்திருந்தார்கள். நோயறிதல் என்ற அளவில் அது முழுமையானது. சைவத் தரப்பில் வகைப்பாடு கிடையாது, நேரே சிகிச்சைதான். ஆனால் இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போயின: வளைந்த முதுகு வெறும் முதுகல்ல, உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றின் அடையாளம். அரசனின் சமயம் மாறியதும் முதுகு நேரானது என்றால், சமயம் தவறியிருந்ததால்தான் முதுகு கோணியிருந்தது என்று கேட்பவர் தாமே முடித்துக்கொள்வார்.

தமிழ் மொழியே இந்த நினைப்புக்குத் துணை. நல்ல ஆட்சி செங்கோல், கெட்ட ஆட்சி கொடுங்கோல்; முன்னது நேரான கோல், பின்னது வளைந்த கோல். நேரிலிருந்துதான் நேர்மை வந்தது. புத்தி கெட்டவனுக்குக் கோணல் புத்தி. காரியம் பலித்தால் கைகூடியது என்கிறோம். கை கூடாதவளின் காதில் இதெல்லாம் எப்படி விழும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கி, வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டி, மாலையில் கோயில் பக்கம் விற்கும் நாற்பது வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இடது கையில் மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, வலது கையால் நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் மணிக்கட்டு ஒரு சின்னத் திருகு திருகும். நாளுக்குப் பல நூறு முடிச்சு. ஒரு நாள் காலையில் எழுந்தால் கை மடங்கவில்லை. வெந்நீரில் வைத்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் இளகுகிறது. இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கியிருக்கின்றன. வாதம் என்கிறார் மாமியார். அது தவறும் இல்லை. சித்த மருத்துவத்தில் யூகிமுனிவர் வாத நோய்களை 80 ஆகப் பிரித்திருக்கிறார். அவற்றில் உதிர வாத சுரோணிதம் என்பதைத்தான் இன்றைய சித்த மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். உடலின் காவல் படை தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மணிக்கட்டில் சோழி அளவில் எட்டு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிய மென்சவ்வு வீங்கி, எலும்பையும் நாரையும் அரிக்கத் தொடங்கினால் அடுக்கு குலைகிறது. உள்ளங்கை பெருவிரல் பக்கமாகச் சாய, அதை ஈடுகட்டுவதுபோல விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பின் முனை புறங்கையில் புடைத்துக்கொண்டு நிற்கும். அழுத்தினால் ஆர்மோனியக் கட்டை மாதிரி உள்ளே போய், விட்டதும் மேலே வரும். அந்த முனையில் உரசி உரசி ஒரு நாள் தசைநாண் அறுந்தால் சுண்டுவிரல் தொங்கிவிடும். வலியில்லாமல், காலையில் முகம் கழுவும்போதுதான் தெரியவரும்.

பூக்காரிக்கு இதில் இன்னொரு வம்பும் உண்டு. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. மணிக்கட்டு கோணி விரல் மடங்கினால் முழம் குறைகிறது. வாங்குபவர் சும்மா விடுவாரா?

“போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சேனோ சார்” என்பது மருத்துவமனை வரிசையில் சாதாரணமாகக் கேட்கும் வாக்கியம். மருத்துவர் அதற்குப் பதில் சொல்வதில்லை. “வலி எத்தனை மாசமா?” என்றுதான் கேட்கிறார். வினைக் கோட்பாட்டைக் கொடுமை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. நோயாளியின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது: காரணமே இல்லாமல் வந்தது என்பதைவிட, ஏதோ ஒரு கணக்கில் வந்தது என்பது தாங்கக்கூடியது. சைவ சித்தாந்தம் இதைப் பிராரத்தம் என்கிறது. இந்த உடலோடு அனுபவித்துத் தீர்க்க வேண்டிய பங்கு. திருக்குறளில் அறத்துப்பாலை ஊழ் என்ற அதிகாரத்தோடு முடித்த அதே வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர் நிம்மதியாகத்தான் வாழ்ந்துவருகிறது. சிக்கல் காலக் கணக்கில் வருகிறது. முடக்குவாதம் தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஊழ் என்று அமைதியடைந்து உட்கார்ந்திருக்கும் ஓராண்டில் எலும்பு அரித்துவிடும். பழைய கணக்கைத் தீர்ப்பதற்குள் புதுக் கணக்கு ஏறுகிறது.

மருந்து, பெரும்பாலும், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவர்கள் சீட்டில் கிழமையைப் பெரிதாக எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம் என்று பழகிய பெண்களுக்குக் கிழமையை நினைவில் வைப்பதில் சிரமமே இல்லை.

இனி நிமிராத கை.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1-இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்திருந்ததால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. 1948-இல் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டார். நீண்ட காலம் படுக்கை. விரல்கள் திருகிக்கொண்டு பேனா பிடிக்க முடியாத நிலை. பிரசவம் பார்க்கும் கனவு அங்கேயே முடிந்தது.

அதே 1948-இன் செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவள் நடந்தாள். 1950-இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வந்தது. அந்த அற்புதத்துக்கும் விலை இருந்ததும், நெடுநாள் கொடுத்தால் அது எலும்பையே தின்பதும் பிறகுதான் தெரிந்தன. மெத்தோட்ரெக்சேட்டுக்கு இந்த நோய்க்கான அனுமதியை அமெரிக்க அரசு கொடுத்தது 1988-இல். அதற்குள் வெங்கடசாமிக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. இன்று ஒரு பூக்காரியின் மணிக்கட்டைக் காப்பாற்றும் மாத்திரை அவர் கைக்குக் காலத்தில் கிடைக்கவில்லை.

அவர் செய்தது கண் மருத்துவம் படித்தது. கேட்பவருக்கு இது விபரீதமாகப் படும். மகப்பேற்றுக்கு வலுவான கை வேண்டும். கண்ணுக்கோ அதைவிட நுட்பமான கை வேண்டாமா? 1951-இல் பட்டயம், 1954-இல் முதுநிலைப் பட்டம். கத்தியைத் தன் கோணிய விரல்களுக்கு நடுவே எப்படிப் பிடிப்பது என்று திரும்பத் திரும்பப் பழகினார். தன் கைக்கேற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரும் இதே நோயோடு, துணி சுற்றிய கையில் தூரிகையை வாங்கிக்கொண்டு கடைசிவரை வரைந்தவர். ஆனால் ஓவியத்தில் கோடு தவறினால் அழித்து வரையலாம். விழியோரத்தில் கத்தி தவறினால் அவ்வளவுதான். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியிலும், இன்று ராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறிய எர்ஸ்கின் மருத்துவமனையிலும் கண் பிரிவின் தலைவர். சுற்றுவட்டக் கிராமங்களில் கண் முகாம்கள். 1976-இல் ஓய்வு பெற்றதும் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை. அந்தக் கைகள் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்திருக்கின்றன. 2006 ஜூலை 7-இல் அவர் இறந்தபோதும் அவை வளைந்தே இருந்தன.

அரவிந்த் என்ற பெயர் பாண்டிச்சேரி ஸ்ரீஅரவிந்தருடையது. வெங்கடசாமி அவருடைய வழியில் ஆழ்ந்த பிடிப்புள்ளவர். அந்த வழி உடலை மாயை என்று ஒதுக்குவதில்லை. உடலும் ஒரு நாள் தெய்வ ஒளியில் மாற வேண்டும் என்கிறது. அதுவரை மனிதன் செய்யக்கூடியது தன்னை ஒரு கருவியாகத் தருவது. இதைச் சொன்ன அரவிந்தரே 1938 நவம்பரில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, மருத்துவர்கள் சொன்னபடி மாதக்கணக்கில் படுத்திருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உடல் மாறும் என்று நம்பும் தத்துவத்தைப் பின்பற்றியவரின் கை மாறவில்லை. தர்க்கம் பேசுபவர் இதை அந்தத் தத்துவத்தின் தோல்வி என்று எழுதிவிடலாம். வெங்கடசாமியின் வாழ்க்கை தர்க்கத்துக்கு வேறொரு முனையைக் காட்டுகிறது. கருவி என்ற சொல் தமிழில் மனிதருக்கும் பொருந்தும், கத்திக்கும் பொருந்தும். அவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து வளைந்துகொண்டன. பாண்டியன் கதையில் அருள் வந்ததற்குச் சான்று நிமிர்ந்த முதுகு. இங்கே அப்படி ஒரு சான்று இல்லை. வளைந்த கையும் அதற்கேற்ற பிடியும்தான் இருந்தன. நிமிராததால் இது அருளல்ல என்று சொல்ல முடியுமா? ஒரு லட்சம் பேருக்குக் கண் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. “அவரால முடிஞ்சுச்சு, உன்னால ஏன் முடியாது?” என்று இந்தக் கதையைப் பூக்காரியின் தலையில் அடிக்கும் தடியாக்கிவிடுவார்கள். அவருக்குக் கல்வி இருந்தது, அரசு வேலை இருந்தது, நகையை அடகு வைத்தும் தோள் கொடுத்த தம்பி தங்கைகள் இருந்தார்கள். அவளுக்கு அன்றைக்குக் கட்டினால்தான் அன்றைக்குக் காசு.

வளைந்த கையை நிமிர்த்தியே தீர்வது என்று இறங்கியவரும் தமிழ் மண்ணில் இருந்தார். பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் விரல்கள் கொக்கிபோல் மடங்கிய ஒருவரின் கையைப் பிடித்தபோது, அந்த இறுக்கத்தின் வலு அவரைத் திடுக்கிட வைத்தது. செத்த கை என்று எல்லோரும் நினைத்ததில் நல்ல தசை இருந்தது. நரம்பு செத்துப்போன தசைகள் விரலுக்குரியவை மட்டுமே. எனவே மணிக்கட்டைத் தூக்கும் தசைநாண் ஒன்றைக் கடன் வாங்கி, காலிலிருந்து எடுத்த நாரை அதோடு நீட்டித் தைத்து, நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொடுக்கும் முறையைப் பின்னாளில் வகுத்தார். மணிக்கட்டு தன் பலத்தில் ஒரு பங்கை விரல்களுக்குத் தானம் செய்தது என்று சொல்லலாம்.

கை நேரானது. அதன்பின் ஒரு நோயாளி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்று வேலையும் தருவதில்லை என்று முறையிட்டதைப் பிராண்டைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. மறுவாழ்வுக்கென்று தொழில் கற்றுத்தரும் இடம் ஒன்றை வேலூரில் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த முறையீடு சமயத்தின் மிகச் சங்கடமான மூலையைத் தொடுகிறது. கோயில் வாசலில் நீட்டிய வளைந்த கை, அதில் காசு போடுபவரின் புண்ணியக் கணக்குக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கை நேராகிவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

பிராண்டின் இன்னொரு முடிவு உலகமெங்கும் பரவியது: வலி கடவுளின் கொடை. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை; வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் தேய்ந்து போகின்றன என்று அவர் காட்டினார். வலி இருந்திருந்தால் கை தப்பியிருக்கும். தொழுநோய்க்கு இது அப்பழுக்கற்ற உண்மை. முடக்குவாதக்காரரிடம் போய் இதைச் சொன்னால் அடி விழும். அவர்கள் வலி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகாமல், வீட்டையே ஆக்கிரமித்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி. ஒரே உறுப்பு, இரண்டு நோய், வலியைப் பற்றி இரண்டு இறையியல்.

நோயறிந்து, மருந்து கொடுத்து, அதன்பின்னும் எஞ்சிய கோணலை எழுதி வைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் தேறினால்தான் பல சலுகைகள். கோனியாமீட்டர் என்ற பாகைமானியை மணிக்கட்டில் வைத்து, பின்மடக்கம் இவ்வளவு, முன்மடக்கம் இவ்வளவு என்று அளக்கிறார்கள். மத்திய அரசு நெடுங்காலமாகக் கையாண்ட அளவீட்டு நெறிமுறையில் கைக்கென்று பத்துக் காரியங்கள் உண்டு. தலைக்கு மேல் பொருளைத் தூக்குவது, மூக்கைத் தொடுவது, கையால் எடுத்துச் சாப்பிடுவது, தலைவாரிப் பின்னுவது, சட்டை போடுவது, கால் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, பொத்தான் மாட்டுவது, நாடா முடிவது, எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். அளந்த குறைகளைக் கூட்ட ஒரு சூத்திரமும் உண்டு. ஒரு குறை 40, இன்னொன்று 30 என்றால் விடை 70 அல்ல. இரண்டாவதை மிச்சமிருக்கும் 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும். சுமார் 57 வரும். ஏற்கெனவே போனது மறுபடி போக முடியாது என்பது அந்தச் சூத்திரத்தின் நியாயம். சமணர் வகுத்த ஆறு உடல்களுக்குப் பிறகு, ஒரு கோணலை இவ்வளவு பொறுமையாகக் கணக்கிட்டது அரசுதான் போலிருக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம்: ஏன் வந்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் மதிப்பெண் கிடையாது. கும்பிடுவதற்கும் கிடையாது.

கும்பிடுவதைக் காரியமாக எண்ணியவர் அப்பர். திருஅங்கமாலையில் தலை, கண், செவி, மூக்கு, வாய் என்று ஒவ்வோர் உறுப்பையும் கூப்பிட்டு வேலை சொல்லும்போது, கைகளுக்கு அவர் கொடுத்த வேலை கூப்பித் தொழுவது. அதே அப்பர் முதுமையில் கயிலைக்குப் புறப்பட்ட கதையைச் சேக்கிழார் சொல்கிறார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிப் போனார். கைகளும் தேய்ந்தன. எதுவரை என்று சொல்லும் இடத்தில் சேக்கிழார் மணிக்கட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். பிறகு மார்பால் ஊர்ந்தார். கயிலைக் காட்சி அவருக்கு அந்த மலையில் கிடைக்கவில்லை. ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லப்பட்டு, முழு உடம்போடு திருவையாற்றில் எழுந்த பிறகே கிடைத்தது. இங்கும் கடைசியில் உடல் சரியாகிவிடுகிறது. புராணங்களால் அந்த ஆசையை விட முடிவதில்லை. ஆனால் கூப்பும் வேலையைக் கைகளுக்குக் கொடுத்தவரே, அந்தக் கைகளைத் தேய்த்துக்கொண்டு போனார் என்பதும் புராணத்துக்குள்ளேயே இருக்கிறது.

மருந்து பலிக்காமல் மணிக்கட்டு முற்றிலும் நொறுங்கிவிட்டால் அறுவை மருத்துவரிடம் ஒரு வழி மிச்சம்: தகடு வைத்து மூட்டையே இணைத்துவிடுவது. அசைவு போகும், அதோடு வலியும் போகும். உள்ளங்கையைத் திருப்புவதும் பிடியின் வலுவும் பெரும்பாலும் மிஞ்சும். எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. வழக்கமாக 10 முதல் 20 டிகிரி வரை பின்சாய்வாக. ஆனால் இரண்டு கையும் போயிருந்தால்? ஒன்றைச் சற்று வேறு கோணத்தில், நேராகவோ கொஞ்சம் முன்சாய்வாகவோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் கழுவ முடியாது. கரண்டியும் காகிதமும் புழங்கும் ஊரில் எழுதிய பாடநூல்களுக்கே இந்தக் கவலை உண்டு. சோறு பிசைய ஒரு கை, கழுவ ஒரு கை, திருநீறு வாங்க எது, ஏந்தக் கூடாதது எது என்று பிறந்ததிலிருந்து பழகிய ஊரில், மருத்துவர் தகட்டைப் பொருத்துவதற்கு முன் நோயாளியிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். எந்தக் கையில் பிரசாதம் வாங்குவீர்கள் என்பது அறுவை அரங்குக்குள் டிகிரியாக மாறுகிறது. ஆசாரம் இதைவிடத் துல்லியமாக எங்கும் அளக்கப்பட்டிருக்காது.

அப்படி இணைத்த கை நெஞ்சுக்கு நேரே கூப்ப வராது. வணக்கம் சொன்னால் விரல்நுனிதான் தொடும். ஆனால் மரபில் கும்பிடுக்கு மூன்று உயரம் உண்டு: மனிதர்களுக்கு மார்புக்கு நேரே, குருவுக்கு முகத்துக்கு நேரே, தெய்வத்துக்குத் தலைக்கு மேலே. கையைத் தலைக்கு மேல் தூக்கி நீட்டிக் குவித்தால் முன்கையும் உள்ளங்கையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்துவிடும். மணிக்கட்டு மடங்க வேண்டிய தேவையே ஏறக்குறைய இல்லை. தோள் நன்றாக இருந்தால், இறுகிப்போன மணிக்கட்டுக்கு மனிதர்களைக் கும்பிடுவதுதான் கஷ்டம்.

மீனாட்சி அம்மன் கோயிலில் சுவாமி சன்னதியை ஒட்டிய வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் தூக்குவது இடது கால். ராசசேகர பாண்டியன் அறுபத்துநான்கு கலைகளில் மிச்சமிருந்த பரதத்தையும் கற்றுக்கொண்டபோது கால் வலித்துவிட்டதாம். ஒரே காலை ஊன்றி எந்நாளும் ஆடும் இவருக்கு எப்படி வலிக்கும் என்று அழுது, கால் மாற்றி ஆடச் சொல்லிக் கேட்டான், அவரும் மாற்றினார் என்கிறது திருவிளையாடல் புராணம். தீபாராதனை நேரத்தில் அங்கே நின்று பார்த்தால், மார்புக்கு நேரே கூப்பிய கைகளுக்கு நடுவே, சில கைகள் தலைக்கு மேல் உயர்வது தெரியும். சில வளையல் போட்டவை. ஒன்றில் மணிக்கட்டைச் சுற்றி வெல்க்ரோ பட்டை, பட்டைக்குக் கீழே நார் அறுத்த தழும்பேறிய விரல்கள்.